புது வீட்டின் உட்புற வேலைகள்: கொழும்பில் வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுவர் எழும்பி, கொங்கிரீட் போட்டு, கூரையும் வந்த பிறகுதான் வீட்டாருக்கு உண்மையான தலையிடி தொடங்குகிறது. அதுவரை எஞ்சினியரும் மேசனும் முடிவெடுத்தார்கள். இனி தரை, சுவர், கதவு, குசினி, குளியலறை என்று ஒவ்வொன்றுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கங்களில் வீட்டு வேலைகளை மேற்பார்வை செய்யும் எனக்கு எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே வைத்திருக்கிறேன். பதில்கள் பலவும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: மேலே தெரிவதைத் தெரிவு செய்ய முன் அடியில் என்ன போகிறது என்று கேளுங்கள்.

1. முதல்ல எதைத் தெரிவு செய்யிறது? டைல்ஸா, பெயின்ட்டா, குசினி பன்ட்ரி அலுமாரியா?

மூன்றும் இல்லை. கட்டில் எங்கே, அலுமாரி எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே, டிவி எங்கே என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அதை வைத்துத்தான் பிளக் பொயின்ட்டும் தண்ணீர்க் குழாயும் வரும். இரண்டும் சுவர்ப் பூச்சுக்கு முன் முடிய வேண்டிய வேலை. பூச்சுக்குப் பிறகு சுவரை வெட்டி மூடினால், என்னதான் பட்டி (சுவரை மட்டமாக்கும் மாவுப்பசை) பூசினாலும் அந்தக் கோடு சில மாதத்தில் தலைகாட்டும்.

அடுத்தது குளியலறை, குசினி டைல்ஸ். அவற்றின் அளவு தெரிந்தால்தான் குழாய் வாய் டைல்ஸின் நடுவில் வருமா, ஓரத்தில் வெட்டுப்படுமா என்று மேசன் கணக்குப் பார்க்க முடியும். தரை டைல்ஸின் தடிப்பும் இப்போதே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவுக்கு அடியில் இடம் போதாது. பெயின்ட் நிறம் கடைசி. ஆனால் நான் பார்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் நிறத்தில்தான் சண்டை தொடங்கியிருக்கும்.

2. கையில இருக்கிற காசு மட்டுமட்டு. எதுக்குக் கூடப் போடுறது, எதுல குறைக்கிறது?

பிறகு மாற்ற முடியாததற்குக் கூடப் போடுங்கள். நீர்க்கசிவுத் தடுப்பு, குழாய், வயரிங், டைல்ஸ் ஒட்டும் பசை, கறையான் மருந்து, கதவு நிலை ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். இவற்றில் ஒன்று பிழைத்தால் மேலே உள்ள எல்லாவற்றையும் உடைத்துத்தான் திருத்த வேண்டும்.

குறைக்கக்கூடியவை: பெயின்ட், விளக்குகளின் அழகு மூடிகள், அலுமாரிக் கதவுகளின் மேற்பரப்பு, அலங்கார சீலிங், திரைச்சீலை. ஐந்து வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கோ பெருநாளுக்கோ இவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஹோலில் இறக்குமதி டைல்ஸ் போட்டுவிட்டு மேல்மாடிக் குளியலறைக்கு நீர்த்தடுப்புப் பூசாமல் விட்ட வீடுகள் கொழும்பில் நிறைய உண்டு. அந்த வீட்டுச் சீலிங்குகளில் மஞ்சள் வட்டங்களைப் பார்க்கலாம்.

3. போர்சலின், செரமிக் எண்டு ரெண்டு விலை சொல்லுறாங்கள். பார்க்க ஒரே மாதிரித்தானே இருக்கு?

வித்தியாசம் தண்ணீரை உறிஞ்சும் அளவில். போர்சலின் தன் எடையில் 0.5 வீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது. சாதாரண சுவர் டைல்ஸ் 10 வீதத்துக்கு மேலும் உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் டைல்ஸைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உள்ளே இழுத்தால் அது சுவருக்குரியது. தண்ணீர் மேலேயே நின்றால் போர்சலின்.

சுவருக்குச் செரமிக் தாராளமாகப் போதும். அங்கே யாரும் நடக்கப் போவதில்லை, எடையும் குறைவு. தரைக்கு, அதுவும் ஹோல், குசினி, விறாந்தைக்குப் போர்சலின் எடுங்கள். நம் நாட்டுத் தயாரிப்பான லங்காடைல்ஸிலும் ரோசெல்லிலும் இரண்டு வகையும் உண்டு. உள்ளூர்த் தயாரிப்பில் எனக்குப் பிடித்த விடயம், பிறகு நாலு டைல்ஸ் தேவைப்பட்டால் தேடிப் போக ஓர் இடம் இருப்பது.

4. கடைக்காரர் எல்லாத்தையும் வழுக்காதுன்னுதான் சொல்றாரு. எப்படி நம்புறது?

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு மாதிரி டைல்ஸைத் தரையில் வைத்து, தண்ணீரோடு ஒரு சொட்டு சவர்க்காரமும் விட்டு, செருப்பைக் கழற்றிப் பாதத்தால் தேயுங்கள். ஆமர் வீதியிலோ காலி வீதியிலோ நல்ல கடை எதுவும் இதற்கு முகம் சுளிக்காது. பெட்டியில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை வழுக்குத் தரம் போட்டிருப்பார்கள். எண் கூடக்கூட பிடிமானம் கூடும். குளியலறைக்கு ஆர் 10க்குக் குறைய வேண்டாம். மழை படும் படி, போர்டிகோ, மொட்டைமாடிக்கு ஆர் 11.

எல்லா இடத்துக்கும் சொரசொரப்பு எடுத்துவிடாதீர்கள். சொரசொரப்பான தரையில் அழுக்கு பிடிக்கும், கூட்டித் துடைப்பவருக்கு முதுகு நோகும். வீட்டில் யார் துடைக்கப் போகிறாரோ அவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். அம்மம்மா, தாத்தா இருக்கும் வீட்டில் அவர்களின் அறையிலிருந்து குளியலறை வரைக்கும் பளபளப்பு டைல்ஸ் போடவே கூடாது. பகலில் கண்ணைக் கூசும், இரவில் ஈரமா காய்ந்ததா என்று தெரியாது.

5. எத்தனை பெட்டி வாங்கிறது? மிஞ்சினா வீண்தானே?

ஒரு கணக்கு சொல்கிறேன். 12க்கு 14 அடி அறை என்றால் 168 சதுர அடி. வெட்டுக் கழிவுக்கு 10 வீதம் சேர்த்தால் ஏறக்குறைய 185. கடையில் 'இரண்டடி டைல்ஸ்' என்று சொன்னாலும் அது உண்மையில் 60 சென்ரிமீற்றர், அதாவது இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று 3.87 சதுர அடிதான் மூடும். ஆகவே 48 டைல்ஸ், பெட்டிக்கு நாலு என்றால் 12 பெட்டி. நாலு சதுர அடி என்று கணக்குப் போட்டவர்கள்தான் கடைசி வரிசையில் இரண்டு டைல்ஸ் இல்லாமல் நிற்பார்கள். சுவரோரப் பட்டிக்குத் தனியாகச் சேருங்கள்.

அதற்கு மேல் ஒரு பெட்டி கட்டாயம் வாங்கி மேலே பத்திரப்படுத்துங்கள். அது வீண் இல்லை. ஒரே டைல்ஸ் அடுத்த சூளையில் வரும்போது நிறம் ஒரு நூல் மாறும். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்ட தொகுதி இலக்கமும் நிறக் குறியீடும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். லொறியிலிருந்து இறக்கும்போதே அதைப் பாருங்கள், ஒட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. இறக்குமதி டைல்ஸ் என்றால் இன்னும் கவனம் தேவை. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது பாதி ஹோலுக்கு ஒட்டிவிட்டு மீதிக்கு அலைந்த குடும்பங்களை எல்லோரும் பார்த்தோம்.

6. பசை வேணாம், சீமெந்துப் பால் ஊத்தியே ஒட்டலாம் எண்டு மேசன் சொல்லுறார். முப்பது வருச அனுபவம் அவருக்கு.

அவருடைய அனுபவம் பொய் இல்லை. அவர் பழகிய காலத்து டைல்ஸ் நீரை உறிஞ்சும். தண்ணீரில் ஊறவைத்துச் சீமெந்துப் பாலில் வைத்தால் சீமெந்து டைல்ஸின் உடலுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். 3ஆம் கேள்வியில் பார்த்தபடி போர்சலின் நீரை உறிஞ்சாது. சீமெந்துக்குப் பிடிக்க இடமில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் வெயிலும் குளிருமாக மாறும் ஒரு நாளில் நாலைந்து டைல்ஸ் 'படார்' என்று கூடாரம் போல மேலே கிளம்பும். போர்சலினுக்குப் பசைதான் வேண்டும்.

பசை வாங்கினால் மட்டும் போதாது. பல்லுள்ள கரண்டியால் இழுத்து, கீழே வெற்றிடம் இல்லாமல் ஒட்ட வேண்டும். நடுவில் ஐந்து உருண்டை வைத்து அமுக்குவது வேலையில்லை. மேசன் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு டைல்ஸை உடனே தூக்கச் சொல்லிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முழுக்கப் பசை பட்டிருந்தால் சரி. பாதி வெறுமையாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். அண்ணா என்று கூப்பிட்டு மரியாதையோடு சொன்னால் எந்த மேசனும் கோபிப்பதில்லை.

7. பெரிய டைல்ஸ் போட்டா சின்ன அறை பெருசாத் தெரியுமாமே?

ஓரளவுக்கு. கோடுகள் குறைவதால் கண் தடைப்படாது. ஆனால் தரை மட்டம் சரியில்லாத இடத்தில் பெரிய டைல்ஸின் மூலைகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும். சிறிய குளியலறையில் பெரியது போடவே முடியாது, தண்ணீர் ஓடும் சரிவுக்கு அது வளையாது. அங்கே ஒரு அடிக்குக் குறைந்த அளவே நல்லது.

8. எங்கட பழைய வீட்டில சிவப்புச் சீமெந்துத் தரை. எவ்வளவு குளிர்ச்சி! இப்ப அப்பிடிப் போட ஏலாதா?

போடலாம். இதைக் கேட்பவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோசம். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் நிற்கும் பழைய வீடுகளில் அந்தத் தரையைப் பார்க்கலாம். மெழுகுப் பொலிஷ் பூசி, பொச்சுமட்டையின் மேல் ஒற்றைக்காலை வைத்துத் தேய்த்துத் தேய்த்து வந்த மினுக்கம் அது. வாசலிலிருந்து குசினி வரை ஆட்கள் நடந்த தடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக மினுங்கும். டைல்ஸில் அது வராது.

இப்போது பாஸ்மார் (கைதேர்ந்த மேசன்மார்) 'டைட்டானியம் தரை' என்று சொல்வதும் இதே குடும்பம்தான். வெள்ளைச் சீமெந்துடன் டைட்டானியம் தூள் கலந்து, உருக்குக் கரண்டியால் மெருகேற்றுவது. வெள்ளையிலும் சாம்பலிலும் வரும். டைல்ஸை விடச் செலவு குறையலாம், ஆனால் முழுவதும் கைவேலை. கை தெரிந்த பாஸ் கிடைக்காவிட்டால் தொடங்க வேண்டாம். அவர் முன்பு செய்த தரையை, அதுவும் இரண்டு மூன்று வருடம் பழகிய தரையை, நேரில் போய்ப் பாருங்கள்.

மயிர் வெடிப்பு வரும். அதை ஏற்க மனமில்லாதவர்கள் டைல்ஸுக்குப் போவதே நல்லது. அறையைப் பட்டிகளாகப் பிரித்து இடைக்கோடு விட்டு, போட்ட பிறகு குறைந்தது ஒரு கிழமை ஈரம் காயாமல் வைத்தால் வெடிப்பு பெரிதாகாது. தேசிக்காய்ச் சாறும் புளியும் சீமெந்தை அரிக்கும். அதனால் ஹோல், படுக்கையறை, விறாந்தைக்கு இதைப் போட்டு, குசினியை மட்டும் டைல்ஸுக்கு விடுங்கள்.

9. மேல்மாடி பாத்ரூம் ஒழுகுது எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள். எங்களுக்கும் வராமல் என்ன செய்யலாம்?

டைல்ஸ் தண்ணீரை நிறுத்தும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். டைல்ஸ் நிறுத்தினாலும் இடைக்கோடு விடும். தண்ணீரை நிறுத்துவது கீழே பூசும் நீர்த்தடுப்புப் படைதான். கொங்கிரீட் தட்டைச் சுத்தம் செய்து, குழாய் போகும் துளைகளைச் சுற்றிச் சுருங்காத சாந்தால் அடைத்து, தரைக்கும் சுவருக்கும் நடுவில் மூலையை வளைவாக்கி, தடுப்புப் பூச்சை இரண்டு முறை பூச வேண்டும். சுவரில் ஓர் அடி வரை ஏற்றுங்கள். ஷவர் வரும் சுவரில் ஆறு அடி வரை.

பிறகு கழிவுத் துளையை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணித்தியாலம் விடுங்கள். கீழ்மாடியிலிருந்து சீலிங்கைப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்றால் மட்டும் டைல்ஸ் வேலை தொடங்கலாம். இந்தச் சோதனைக்கு ஒரு செலவும் இல்லை. ஆனால் வேலை பிந்தும் என்று சொல்லித் தவிர்க்கப் பார்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரிவையும் இப்போதே பாருங்கள். மூன்று அடிக்கு அரை அங்குலம் போல இறக்கம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். குளியலறைத் தரை வெளி அறையை விட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். கதவு மரமாக வேண்டாம், அலுமினியமோ பிவிசியோ போதும்.

10. குடிபூரலுக்கு நாள் வைச்சாச்சு. பூச்சு முடிஞ்சு ரெண்டு கிழமைதான். பெயின்ட் அடிக்கலாமா?

புதுப் பூச்சு முதல் ஏழு நாள் நனைக்கப்பட வேண்டும், பிறகு காய வேண்டும். எல்லாமாகக் குறைந்தது 28 நாள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்ரோபர் நவம்பரில் மாலை மாலையாக இடிமழை. இந்தக் காலங்களில் சுவர் காய இன்னும் கூட எடுக்கும். ஈரச் சுவரில் பெயின்ட் பூசினால் உள்ளே அகப்பட்ட நீர் சீமெந்தின் உப்பையும் தூக்கிக்கொண்டு வெளியே வரும். வெள்ளையாகப் பூத்து, கொப்பளித்து, பட்டையாக உரியும். அதன்மேல் எந்த விலை பெயின்ட் பூசினாலும் நிற்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும்.

சுவர் காய்ந்ததா என்று அறிய, இரண்டடிச் சதுரமாகப் பொலித்தீன் தாளை வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பொறுங்கள்.

நாளை மாற்ற ஏலாது என்றால் மாற்ற வேண்டாம். பால் காய்ச்ச வேண்டியது குசினியில்; படம் வைக்க வேண்டியது சுவாமி அறையில். இந்த இரண்டு இடத்திலும் சுவரை நன்றாகக் காயவிடுங்கள். மற்றச் சுவர்களுக்கு நீராவி வெளியேற வழி விடும் மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒன்று போதும். பட்டி, பிரைமர், நிறம் எல்லாம் விழா முடிந்து, சுவர் காய்ந்த பிறகு வரட்டும். விழாவுக்கு வருபவர்கள் ஒரு மத்தியானம் பார்ப்பார்கள், நீங்கள் நாளெல்லாம் பார்க்கப் போகிறீர்கள்.

11. கார்ட்டில பார்த்த நிறம் சுவரில வேற மாதிரி வருதே?

கார்ட் இரண்டு அங்குலம், சுவர் பத்தடி. பெரிய பரப்பில் எந்த நிறமும் கடுமையாகத் தெரியும். அதனால் பிடித்ததிலிருந்து ஒரு படி வெளிறியதை எடுங்கள். சின்ன டின் வாங்கி, அறையின் இரண்டு சுவரில் மூன்றுக்கு மூன்று அடி பூசி, காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் சாயல் விளக்கில் சாம்பல் நிறம் அழுக்காகத் தெரியும். வெள்ளை விளக்கில் கிரீம் நிறம் சோகை பிடித்தது போல் இருக்கும். ஆகவே விளக்கின் நிறத்தை முடிவு செய்தபின் பெயின்ட்டுக்கு வாருங்கள்.

பூசும் வகையைப் பற்றி ஒரு சொல். ஹோலுக்கும் பிள்ளைகளின் அறைக்கும் கழுவக்கூடிய, மெல்லிய மினுக்கம் உள்ள எமல்ஷன் எடுங்கள். மினுக்கமே இல்லாத மட் பெயின்ட் அழகுதான், ஆனால் பென்சில் கோட்டைத் துடைத்தால் துடைத்த இடமும் தெரியும். ஈயம் சேர்க்காதது என்று டின்னில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், பால்குடிப் பிள்ளைகள் சுவரை நக்குவார்கள்.

12. எங்கட இடம் மரைன் டிரைவுக்குக் கிட்ட. இரும்பு எல்லாம் ஒரு வருசத்தில துருப்பிடிக்குது.

கடற்காற்றின் உப்புக்கு அங்கே எதுவும் தப்பாது. யன்னல்களுக்குத் தூள்பூச்சு அலுமினியம் போடுங்கள். துருப்பிடிக்காத உருக்கு என்று விற்பதில் 304 தரம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி வாங்கும், கைப்பிடிக்கும் படிக் கம்பிக்கும் 316 தரம் கேளுங்கள். பிணைச்சல், தாழ்ப்பாள், திருகாணி வரை அதே கவனம் வேண்டும். நல்ல கதவில் மலிவான இரும்புத் திருகாணி போட்டால் அதைச் சுற்றி மரம் கறுத்துப்போகும்.

13. கதவுக்கு எந்த மரம்? ஓடாவி ஒண்டு சொல்லுறார், மாமா வேற சொல்லுறார்.

முன்கதவுக்கும் நிலைகளுக்கும் தேக்கு, முதிரை, கும்புக் (மருது), பலா எல்லாம் நம்பலாம். உள்கதவுகளுக்கு மகோகனி போதும், வேலைக்கும் இசைவானது. பெயரை விட முக்கியம், மரம் காய்ந்ததா என்பது. காயாத தேக்கை விடக் காய்ந்த மகோகனி மேல். வெள்ளை கலக்காத வைரப் பகுதியா என்று பலகையின் ஓரத்தைப் பாருங்கள், வெளிறிய பட்டையில்தான் பூச்சி முதலில் விழும். அரச மரக் கூட்டுத்தாபனத்தில் வாங்கினால் மரம் எதுவென்பதில் சந்தேகம் இல்லை. மொறட்டுவையில் செய்விப்பதென்றால் பொலிஷ் பூச முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள், பூசிய பிறகு எல்லா மரமும் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் மரம் பருக்கும். கதவைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டால் நவம்பரில் இறுகாது. கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பொலிஷ் பூசாமல் விட்டுவிடுவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை அடியில் பிடித்துப் பாருங்கள், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

14. பன்ட்ரிக்கு எம்.டி.எஃப் மலிவு. நல்லா இருக்குமா?

எம்.டி.எஃப் என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. மேல் அலுமாரிகளுக்கு ஓரங்கள் நன்றாக மூடப்பட்டிருந்தால் இருக்கும். சிங்க்குக்குக் கீழே மட்டும் வேண்டாம். ஒரு தடவை குழாய் கசிந்தால் எம்.டி.எஃப் பாண் போல ஊதும், பிறகு சுருங்காது. கீழ்ப் பகுதிக்கு அலுமினியச் சட்டமோ மெரைன் பிளைவூட்டோ நல்லது. பிவிசிப் பலகை தண்ணீரைத் தாங்கும், அடுப்புச் சூட்டைத் தாங்காது.

மேல் கல்லுக்குக் கிரனைட். மாபிளில் தேசிக்காய் பட்டால் மினுக்கம் போய்விடும். வெள்ளை குவார்ட்ஸ் கல்லில் மஞ்சள் பிடிக்கும், சூடான சட்டியை நேரே வைத்தால் தழும்பு விழும். நம் சமையலில் தேசிக்காய், புளி, மஞ்சள், சூடு நாலும் தினமும் உண்டு. அதே காரணத்துக்காக அடுப்புக்குப் பின்னாலுள்ள டைல்ஸுக்கு வெளிறிய இடைக்கோடு வேண்டாம், எபொக்ஸி வகை போட்டால் கறை ஊறாது.

படங்களில் வராத இரண்டு விடயங்கள். கல்லின் முன்விளிம்பு அலுமாரியை விட ஒன்றரை அங்குலமாவது வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பில் பூட்டும் தேங்காய்த் துருவியைப் பூட்ட இடமிருக்காது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வைக்கும் அலுமாரிக்கு அடிப்பக்கம் காற்றுத் துளை கட்டாயம் தேவை. அந்தக் காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.

15. சுவாமி அறைச் சுவர் விளக்குப் புகையில கறுத்துப் போகுது. என்ன போடலாம்?

விளக்கு வைக்கும் இடத்துக்குப் பின்னால் மூன்றடிக்குக் கிரனைட் அல்லது மினுக்கமில்லாத டைல்ஸ் வையுங்கள். மேலே ஒரு காற்றுத் துளை விடுங்கள். தரையில் எண்ணெய் சிந்தும், எனவே உறிஞ்சாத போர்சலின்தான். மற்றச் சுவர்களுக்குக் கழுவும் பெயின்ட்.

16. நாங்க வீட்டுக்குள்ளேயே வுழூ செய்ய இடம் வைக்கிறோம். தரை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் இடம் என்றால் அதை ஒரு சின்னக் குளியலறையாகவே கருதுங்கள். 9இல் சொன்ன நீர்த்தடுப்பு, சரிவு, 48 மணித்தியாலச் சோதனை எல்லாம் இங்கேயும் வேண்டும். டைல்ஸ் ஆர் 11. உட்காரும் திண்ணைக்கு விளிம்பு உருட்டிய கல், எழும்பும்போது பெரியவர்கள் பிடிக்க ஒரு கைப்பிடி. வெளியே வந்ததும் கால் வைக்கும் முதல் இரண்டடிக்கும் பளபளப்பு டைல்ஸ் வேண்டாம்.

17. வெள்ளம் வார பக்கம்தான் எங்க இடம், கொலன்னாவை. கீழ்த்தட்டுக்கு என்ன செய்யிறது?

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று அயலவரிடம் கேட்டு, அந்த மட்டத்துக்குக் கீழே எம்.டி.எஃப், ஜிப்சம், மரநிலை எதுவும் வைக்காதீர்கள். நிலைகளைக் கொங்கிரீட்டில் செய்யலாம். பிளக் பொயின்ட்டுகளை நாலடிக்கு மேலே ஏற்றுங்கள், அந்தத் தட்டின் வயரிங்குக்குத் தனி இணைப்பு கேளுங்கள். தரைக்குப் போர்சலின், சுவரில் நாலடி வரை டைல்ஸ் அல்லது சீமெந்துப் பூச்சு. தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு வாழ்க்கையைத் தொடரலாம்.

18. சீலிங் அடிக்கத்தான் வேணுமா?

கொங்கிரீட் தட்டு நேராக இருந்தால் தேவையில்லை, பூசிப் பெயின்ட் அடித்தால் உயரமும் காற்றும் மிஞ்சும். கூரைத் தகட்டின் கீழ் உள்ள அறைக்கு வேண்டும், அதற்கு மேலே வெப்பத்தடுப்புத் தாளும் வேண்டும். ஜிப்சம் அழகு, ஆனால் ஒரு ஒழுக்கில் போய்விடும். பிவிசி ஒழுக்கைத் தாங்கும். எதைப் போட்டாலும் மின்விசிறியின் கொக்கி சீலிங்கில் தொங்காமல் தட்டிலிருந்தோ கூரைச் சட்டத்திலிருந்தோ வர வேண்டும், இலைகள் தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே வரக் கூடாது.

19. கனடாவில இருக்கிற அண்ணாதான் காசு அனுப்புறார். அவர் அனுப்புற படங்கள் மாதிரியே செய்யச் சொல்லுறார். எப்பிடிச் சொல்லுறது?

அண்ணாவின் ஆசையைத் தட்ட வேண்டாம். படத்தில் அவருக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் நிறமாக, வெளிச்சமாக, விசாலமாக இருக்கும். அதை இங்குள்ள பொருளில் கொண்டுவரலாம். அங்கே மரத்தரையும் சுவர்த்தாளும் நிற்பது வீட்டுக்குள் காற்றுக் காய்ந்திருப்பதால். கொழும்பில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 75, 80 வீதம். சுவர்த்தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் வரும், மலிவான பலகைத்தரை விளிம்பில் எழும்பும். மரம் போன்ற போர்சலின் மாதிரி ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். வீடியோ அழைப்பில் கடையையும் காட்டுங்கள். முடிவில் பங்கு இருந்தால் அவருக்கும் மனம் நிறையும்.

20. சதுர அடிக்கு இவ்வளவு, ஃபினிஷிங் எல்லாம் உள்ள எண்டு கொந்தராத்துக்காரர் சொல்லுறார். நம்பிக் குடுக்கலாமா?

'எல்லாம்' என்பதை எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். டைல்ஸ் சதுர அடிக்கு என்ன விலை வரை, எந்த இடத்துக்குப் பசை, நீர்த்தடுப்பு எந்தப் பொருள், எத்தனை பூச்சு, பெயின்ட் எந்த வகை, கதவு எந்த மரம், பிளக் பொயின்ட் எத்தனை. விலையில் 18 வீத வற் வரி சேர்ந்ததா இல்லையா என்பதும் எழுத்தில் வேண்டும். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது வாய்மொழி ஒப்பந்தங்கள் எல்லாம் நடுவழியில் நின்றன. எனவே விலை எந்தத் திகதி வரை செல்லும் என்பதையும் எழுதுங்கள்.

மொத்தத் தொகையில் 5 வீதத்தைக் கடைசிக் கொடுப்பனவாக ஒரு மழைக்காலம் முடியும் வரை வைத்துக்கொள்வது கட்டட வேலையில் வழக்கமான நடைமுறை. நல்ல கொந்தராத்துக்காரர் அதற்குத் தயங்க மாட்டார்.

21. சாவி வாங்கிற நாள் என்னென்ன பார்க்கிறது?

ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்து டைல்ஸ் ஒவ்வொன்றின் நடுவிலும் மூலையிலும் தட்டுங்கள். டொக்டொக் என்று வெறுமையாகக் கேட்டால் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மாலை வெயில் சாய்ந்து விழும் நேரம் சுவரோரமாக நின்று பாருங்கள், மேடுபள்ளம் அப்போதுதான் தெரியும். யன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து மூடுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.

22. காசு முடிஞ்சு போச்சு. பாதி வேலையோட குடிபோனா என்ன?

போகலாம், பலரும் போயிருக்கிறார்கள். 2இல் மாற்ற முடியாதவை என்று சொன்னவை முடிந்திருந்தால் பயமில்லை. ஒரு குளியலறையை முழுமையாக முடியுங்கள். குசினியில் கல்லும் சிங்க்கும் இருந்தால் போதும், அலுமாரிக் கதவுகளுக்குத் திரைச்சீலை கட்டலாம். படுக்கையறைகளில் டைல்ஸ் இல்லாமல் மெருகிட்ட சீமெந்துத் தரையோடு இருக்கலாம். ஆனால் பிறகு டைல்ஸ் போடும் எண்ணம் இருந்தால் அந்தத் தடிப்பை இப்போதே கதவடியில் விட்டு வையுங்கள். சுவர்களுக்குப் பிரைமரும் ஒரு வெள்ளைப் பூச்சும் போதும்.

எந்தக் குழாய், எந்த வயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்று பூச்சு மூட முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியும்படி ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தால், இரண்டாம் கட்டத்தில் அலுமாரி அடிக்க வரும் ஓடாவி குழாயில் துளை போட மாட்டார்.